நாற்றுக்கும் விளக்குக்கும் நடுவே எத்தனை அங்குலம்?

கார்த்திகைத் தீபத்தன்று மாலையில் அண்ணாமலையின் உச்சியில், 2,668 அடி உயரத்தில், ஏற்றப்படும் ஜோதி பல மைல்களுக்கு அப்பாலும் தென்படுகின்றது. கொப்பரை நிறைய நெய் வார்த்து ஏற்றும் அவ்வளவு பெரிய தீபத்தின் ஒளியை மாத்திரம் கொண்டு, கீழே மாடவீதியில் நிற்பவர் ஒருவர் கையிலுள்ள பஞ்சாங்கத்தில் ஓர் எழுத்தையேனும் வாசிக்க இயலுமா? இயலாது. ஒளி கண்ணுக்குத் தெரிவது ஒன்று. காரியத்துக்கு உதவும் அளவில் வந்து சேர்வது மற்றொன்று. கல்லூரியில் பௌதிகப் பாடத்தில் இதனை நான் படித்துத் தேர்ச்சியும் பெற்றேன். ஆயினும் சென்ற ஐப்பசியில், இந்நகரின் ஓரத்திலுள்ள ஒரு நெசவாளர் இல்லத்தில், படித்ததை மறந்து யோசனை சொன்னேன். அதனால் விளைந்த நஷ்டம் அவ்வில்லத்தாரைச் சேர்ந்தது. ஆகவே அங்கத்தினர்கள் அனைவரும் அறிய இதனை எழுதுகிறேன்.

அவ்வீட்டு அம்மையார் சங்கத்தில் கடன் பெற்று, குழித்தட்டுகளில் கத்தரி, மிளகாய் நாற்று வளர்த்துச் சுற்றுப்புற விவசாயிகளுக்கு விற்று வருபவர். தட்டொன்றுக்கு 98 குழி. அப்போது அவரிடம் இருபது தட்டுகள் இருந்தன. அடைமழை பிடித்துக்கொண்டது. வெளியே வைத்தால் நாற்று அழுகும் என்று, தறி போட்ட அறைக்குள் தட்டுகளைப் பரப்பி, உத்தரத்தில் இரண்டு எல்.இ.டி. குழல் விளக்குகளைக் கட்டியிருந்தார். நான் தவணை விஷயமாகச் சென்றிருந்தேன். விளக்கடியில் இருந்த தட்டுகள் வெளிச்சமாகவும் மூலைத் தட்டுகள் நிழலாகவும் தோன்றவே, “இன்னும் சற்று உயர்த்திக் கட்டுங்கள், அம்மா, ஒளி எங்கும் பரவும்” என்றேன். அவரும் உயர்த்திக் கட்டினார். தட்டுக்கும் விளக்குக்கும் ஆறடி இடைவெளி ஏற்பட்டது.

பத்து நாள் கழித்துச் சென்றபோது நாற்றுகள் நூலிழைபோல் நீண்டு வெளிறிச் சாய்ந்து கிடந்தன. வாங்குவதாகச் சொல்லியிருந்தவர்கள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டனராம். அம்மையார் என்னைக் குறை கூறவில்லை. “விதை பழசோ என்னவோ, சார்” என்று மட்டும் சொன்னார். தறிக் குழியில் அமர்ந்திருந்த அவருடைய மாமனார்தான் மெல்லக் கூறினார்: “பாவில் இழை அறுந்தால் நான் விளக்கைக் கீழே இழுத்துக்கொள்கிறேன், ஐயா. மேலே தூக்கி விடுவதில்லை.”

பெரியவர் கூறியதே அப்பௌதிகப் பாடம். ஒரு சிறு விளக்கிலிருந்து இரு மடங்கு தூரம் விலகினால் ஒளி பாதியாகும் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது நாலில் ஒரு பங்காகும். மும்மடங்கு விலகினால் ஒன்பதில் ஒரு பங்கே எஞ்சும். நான்கடி நீளமுள்ள குழல் விளக்கு இவ்விதிக்கு அருகாமையில் முற்றும் கட்டுப்படுவதில்லை. அதன் பக்கத்தில் இருக்கும்வரை ஒளி சற்று மெதுவாகவே குறையும். எனினும் 20 வாட்டுக் குழல் ஒன்றுக்கு நான் கணக்கிட்டுப் பார்த்ததில், ஆறடி தூரத்தில் ஏறத்தாழ 180 லக்ஸ், ஓரடியில் 2,600, அரையடியில் 5,500 என்று வந்தது. மின்சாரச் செலவில் மாற்றமே இல்லை. கயிற்றின் நீளம் ஒன்றே மாறுகின்றது.

நம் கண் இவ்விஷயத்தில் நம்பத்தக்க சாட்சியன்று. பாவை விரிவதால் 180 லக்ஸ் ஒளியிலும் அறை பளிச்சென்று தோன்றும். நண்பகல் வெயிலோ ஒரு லட்சம் லக்ஸ். மேகம் மூடிய நாளிலும் வெட்டவெளியில் பத்தாயிரம் அளவு இருப்பது சகஜம். இருட்டறையில் அகப்பட்ட நாற்று, வெயில் எங்கோ மேலே இருக்கின்றது போலும் என்று தண்டை நீட்டுகிறது. இலைக்கும் வேருக்கும் சேர வேண்டிய சத்தெல்லாம் அந்நீளத்திலேயே செலவாகிவிடுகின்றது.

ஆகையால் சாதாரண வெண்ணிறக் குழல் விளக்கை உபயோகிப்போர், அதனை நாற்றின் நுனிக்கு மேலே ஐந்தாறு அங்குலத்தில் தொங்கவிடுக. தட்டிலிருந்து அளப்பது தவறு. நாற்றின் நுனியிலிருந்தே அளக்க வேண்டும். அத்தூரத்திலும் ஒரு குழல் போதாது. நான்கு தட்டுகளைப் பக்கவாட்டில் சேர்த்து வைத்து, அவற்றின்மேல் இரண்டு குழல்களை இணையாகக் கட்டினால் நாற்றுக்குப் போதிய ஒளி கிட்டும். நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரிக்கலாம். குழலின் இரு முனைகளிலும் ஒளி குறைவு. ஓரத்துத் தட்டை நடுவிலும் நடுத்தட்டை ஓரத்திலும் இரண்டு நாளைக்கொருமுறை மாற்றி வைத்தல் நலம். நாற்று வளர வளரக் கயிற்றைச் சுருக்கி விளக்கை மேலேற்றுதல் அவசியம்.

செடி விளக்கு என்ற பெயரில் இப்போது விற்கப்படும் பலகை விளக்குகளின் சங்கதி வேறு. பெட்டியின்மேல் 1,000 வாட் என்று பொறித்திருப்பார்கள். உண்மையில் இழுக்கும் மின்சாரம் 100 வாட்டாக இருப்பதுண்டு. பொறித்த எண்ணை விடுத்து, மின்சாரம் எவ்வளவு என்பதையே பார்க்க வேண்டும். உண்மையாகவே 100 வாட் இழுக்கும் பலகையை இளநாற்றுக்கு இரண்டடி உயரத்தில் கட்டித் தொடங்கலாம். நுனியிலைகள் வெளுத்து ஓரம் சுருண்டால் விளக்கு மிக அருகில் உள்ளது. கணுக்களின் இடைவெளி நீண்டால் மிகத் தூரத்தில் உள்ளது. கையை வைத்துச் சூடு பார்க்கும் பழைய வழக்கம் குண்டு பல்புக்குப் பொருந்தும். எல்.இ.டி. விளக்கின் முன்புறத்தில் சூடு குறைவு. கை சுடாத தூரத்திலும் இலை வெளுக்கக்கூடும். கைப்பேசியில் ஒளியளக்கும் செயலி கிடைக்கின்றது. அது காட்டும் எண் துல்லியமன்று. ஓர் இடத்தையும் மற்றோர் இடத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கப் போதும்.

ஓசூர்ப் பக்கம் சென்று வந்த அன்பர்கள் இங்கே ஒரு கேள்வி எழுப்பக்கூடும். அங்கே பசுமைக்குடில்களில் சாமந்தி பயிரிடுவோர் ஆள் உயரத்துக்கு மேலே விளக்குகளைக் கட்டி இரவில் எரிக்கின்றனரே, அது வீணா? வீணன்று. பகலில் அச்செடிகள் வெயிலையே உண்கின்றன. இரவு விளக்கு அவற்றுக்கு உணவாக எரிக்கப்படுவதில்லை. சாமந்தி, இரவு நீளும்போது அரும்பு விடும் இனம். பகலிரவு நீளத்தைக் கொண்டு செடிகள் பூக்கும் காலத்தை அறிகின்றன என்பதை அமெரிக்காவில் கார்னர், அல்லார்ட் என்னும் இருவர் 1920இல் வெளியிட்டனர். நள்ளிரவில் சில மணி நேரம் 100 லக்ஸ் அளவு ஒளி விழுந்தாலே சாமந்தி இரவைக் குறுகியதென்று கொண்டு அரும்பைத் தள்ளிப்போடும். தண்டு வேண்டிய உயரம் வளர்ந்தபின் விளக்கை நிறுத்துவர். தெருவிளக்கின் கீழுள்ள சாமந்தி பூக்கத் தாமதிப்பதும் இதனாலேயே. இதற்கு உயரத்தில் கட்டிய விளக்கு போதும். வெயிலே காணாத நாற்றின் நிலை அதுவன்று.

செலவையும் பார்ப்போம். 20 வாட்டுக் குழல் இரண்டு, பதினாறு மணி நேரம் எரிந்தால் நாளுக்கு முக்கால் யூனிட்டுக்கும் குறைவு. இரண்டு மாதத்துக்கு 38 யூனிட்டு ஆகலாம். இருபது தட்டுக்கும் இவ்வாறு கட்டினால் 190ஐத் தாண்டும். கைத்தறிக்குக் கட்டணமில்லா மின்சாரம் 2023இல் இரு மாதத்துக்கு 200 யூனிட்டிலிருந்து 300ஆக உயர்த்தப்பட்டது உண்மையே. ஆனால் அது தறிக்கென அளிக்கப்பட்ட சலுகை. நாற்று வியாபாரத்துக்கு அதைத் திருப்புமுன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பின்னர் அபராதச் சீட்டுடன் என்னிடம் வருவதில் பயனில்லை.

முதல் ஈட்டு நாற்றுகள் பெரும்பாலும் போயின. ஒரு தவணையும் தாமதமாயிற்று. மறு ஈட்டுக்கு நாங்கள் புதிய விளக்கு வாங்கவில்லை. நான்கு தட்டுகள் மட்டும் இரு குழல்களின் கீழ், அரையடியில். மற்றவை திண்ணையில், சாரல் படாமல் மேலே மட்டும் கண்ணாடித் தாள் கட்டி. மழை நாளிலும் அங்கே விளக்கடிக்குக் குறையாத ஒளி கிடைத்தது. பெரியவர் தம் தறி விளக்கின் கயிற்றைப்போலவே நாற்று விளக்குக்கும் ஒரு கயிறு செய்து, அங்குலத்துக்கு ஒரு முடிச்சாக இட்டிருந்தார். மார்கழிக் கடைசியில் நான் சென்றபோது விளக்கு ஏழாவது முடிச்சில் தொங்கிற்று. மிளகாய் நாற்று, தண்டு தடித்து, நிமிர்ந்து நின்றது.