மலைக் கோயிலும் குப்பை வண்டியும்

காவிரியின் கரையோரமாக மேட்டூரிலிருந்து வடமேற்கே செல்லும் சாலை, பாலாற்றைக் கடந்ததும் கர்நாடக எல்லைக்குள் புகுந்து, காடுகளினூடே வளைந்து வளைந்து மேலேறுகிறது. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் அமைந்துள்ளது மாதேஸ்வரன் மலை. 1997-ஆம் ஆண்டு வரை மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதி, இன்று சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளது. புலியை வாகனமாகக் கொண்டவர் என்று மக்கள் போற்றும் மாதேஸ்வரரைத் தரிசிக்கக் கன்னட நாட்டவர் மட்டுமன்றி, ஈரோடு, சேலம், தருமபுரி மாவட்டங்களிலிருந்து தமிழ் மக்களும் திரள் திரளாக வருகின்றனர். சிவராத்திரி, உகாதி, தீபாவளி ஆகிய நாட்களில் கால்நடையாக மலையேறுவோரும் பலர்.

வந்தவர்கள் உண்கின்றனர், நீர் அருந்துகின்றனர், தேங்காய் உடைக்கின்றனர், பூமாலை சாத்துகின்றனர். அவர்கள் ஊர் திரும்பிய பின்னர் மலையில் எஞ்சுவது இலை, மட்டை, காகிதம், பிளாஸ்டிக் உறை, தண்ணீர்ப் புட்டி ஆகியன. இவற்றைத் திரட்டிக் கீழே கொண்டுவருவது எளிய செயல் போலத் தோன்றும். உண்மையில் அது தூய்மைப் பணியாளரின் உழைப்பையும் பொறியியல் அறிவையும் ஒருங்கே வேண்டி நிற்கும் பணியாகும்.

காடும் ஆறும்

இம்மலையைச் சூழ்ந்த காடு, ஏறத்தாழ 906 சதுர கிலோமீட்டர் பரப்புடன், 2013-ஆம் ஆண்டில் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பிலிகிரி ரங்கன் மலைக் காடும் சத்தியமங்கலம் காடும் இதனையொட்டி அமைந்துள்ளன. யானைகள் இக்காடுகளிடையே தங்குதடையின்றிச் சென்று வருகின்றன. உப்புச் சுவையும் உணவின் மணமும் படிந்த பிளாஸ்டிக் உறையை அவை உணவென்றே கருதி விழுங்கிவிடுகின்றன. 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில், கோயம்புத்தூரை அடுத்த மருதமலை அடிவாரத்தில் நோயுற்று இறந்த பெண் யானையொன்றின் வயிற்றில் பிளாஸ்டிக் கழிவுகள் இருந்தமை பிரேதப் பரிசோதனையில் புலப்பட்டது. மலைக் கோயில், அடிவாரக் காடு, திறந்த குப்பை ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடினால் நேர்வது யாது என்பதற்கு அது ஒரு சான்று.

நீரின் போக்கையும் கருத வேண்டும். இம்மலைச் சரிவுகளிற் பெய்யும் மழையின் ஒரு பகுதி பாலாற்றை அடைகிறது. பாலாறு காவிரியிற் கலக்கிறது. காவிரி மேட்டூர் நீர்த்தேக்கத்தில் தங்குகிறது. 1934-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அவ்வணையின் நீரை நம்பியே டெல்டா வயல்கள் உள்ளன. மலையோடையில் எறியப்படும் ஒரு புட்டி, கர்நாடகத்தின் கவலை மட்டுமன்று.

தொட்டியின் கதை

குப்பையை எடுத்துச் செல்லும் சாதனங்களுள் முதலாவது தொட்டியே. பாரிஸ் நகர நிர்வாகத்தின் தலைவராக இருந்த யூழேன் பூபெல் என்பவர், வீட்டுச் சொந்தக்காரர்கள் மூடியுள்ள தொட்டிகளை வைத்தல் வேண்டும் என்று 1883-ஆம் ஆண்டில் ஆணையிட்டார். அழுகும் பொருளுக்கு ஒன்று, காகிதத்திற்கும் கந்தலுக்கும் ஒன்று, கண்ணாடிக்கும் சிப்பி ஓட்டிற்கும் ஒன்று எனப் பிரித்து வைக்கவும் பணித்தார். இன்றும் பிரெஞ்சு மொழியிற் குப்பைத் தொட்டிக்கு அவர் பெயரே வழங்குகிறது. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டிலும், பின்னர் 2016-ஆம் ஆண்டிலும் வெளியான மத்திய அரசின் விதிகளும் குப்பையைப் பிரிப்பதையே வலியுறுத்தின.

மலையில் வைக்கும் தொட்டிக்குத் தனி இலக்கணம் உண்டு. குரங்கு திறக்கவியலாத கொக்கியுடன் மூடி அமைதல் வேண்டும். காற்றினாலும் காட்டுப் பன்றியினாலும் கவிழாதவாறு கம்பத்தில் அல்லது காரைத் தளத்தில் பொருத்துதல் வேண்டும். அடியில் மழைநீர் தேங்கலாகாது. யானையைத் தடுக்க வல்ல தொட்டி அரிது. ஆதலால், அந்தி சாயுமுன் தொட்டிகளைக் காலி செய்துவிடுவதே தக்க பாதுகாப்பாகும்.

தள்ளுவண்டியும் சாய்வும்

அடுத்த சாதனம் தள்ளுவண்டி. 40 லிட்டர் கொள்ளளவுள்ள ஆறு வாளிகளை ஏற்றும் வண்டி 240 லிட்டர் குப்பையைச் சுமக்கும். ஈரக் குப்பையாயின் அதன் எடை 100 கிலோகிராம் வரை இருக்கும். வண்டியின் எடை 50 கிலோகிராம் எனக் கொண்டால், மொத்தம் 150 கிலோகிராம். சமதளத்தில் உராய்வை மட்டுமே வென்றால் போதும். ஆனால் 12 அடிக்கு ஓரடி உயரும் சாய்வில், எடையின் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 12½ கிலோகிராம் அளவான விசை, வண்டியை ஓயாது பின்னோக்கி இழுக்கும். 8 அடிக்கு ஓரடி உயருமாயின், அது 19 கிலோகிராமை நெருங்கிவிடும். நாள் முழுதும் இவ்விசையை எதிர்த்துத் தள்ளுபவரின் முதுகும் முழங்காலும் படும் துன்பம் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகையால் மலைப்பாதைக்குரிய வண்டியில் பெரிய சக்கரமும் கைத்தடையும் இன்றியமையாதன. சக்கரம் உருளாத படிக்கட்டுப் பாதையில், சிறிய சாக்குகளில் உலர்ந்த குப்பையை மட்டும் எடுத்து வருவதே முறை.

வாளியை அப்படியே தூக்கி வண்டியிலும், வண்டியிலிருந்து லாரியிலும் கவிழ்க்க இயல வேண்டும். தரையில் கொட்டி மீண்டும் அள்ளும் வழக்கம் ஒரே குப்பையை இருமுறை கையாளச் செய்கிறது. உடைந்த கண்ணாடியும் ஊசியும் கையைக் கிழிப்பது பெரும்பாலும் அவ்வேளையில்தான்.

அழுத்தும் இயந்திரங்கள்

1938-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கார்வுட் நிறுவனம், குப்பையை நீரியல் விசையால் அழுத்தி ஏற்றும் லாரியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அவ்வகை லாரிகள் இன்று நம் நகரங்களிலும் ஓடுகின்றன. எனினும், எவ்விடத்திற்கும் அவை ஏற்றவை என எண்ணுதல் தவறு. காகிதமும் அட்டைப் பெட்டியும் மிகுந்த குப்பையில் காற்றிடம் அதிகம். அழுத்தினால் வெகுவாகச் சுருங்கும். உணவும் இலையும் மிகுந்த நம் குப்பையிலோ நீர் அதிகம். நீர் அழுத்தத்திற்குச் சுருங்குவதில்லை, பிழிந்து சாலையில் ஒழுகுகிறது. மேலும், கொண்டையூசி வளைவுகளில் நீண்ட, கனத்த லாரியைத் திருப்புவது கடினம்.

இங்குதான் குப்பையைப் பிரிப்பதன் பயன் விளங்குகிறது. ஓர் எடுத்துக்காட்டு: 10,000 யாத்திரிகர்கள் ஆளுக்கு 100 கிராம் உலர்ந்த குப்பையை விட்டுச் சென்றால் மொத்தம் 1,000 கிலோகிராம் சேரும். தளர்ந்த நிலையில் கன மீட்டருக்கு 50 கிலோகிராம் எனக் கொண்டால், அது 20 கன மீட்டர் இடத்தை அடைக்கும். 2 கன மீட்டர் கொள்ளும் சிறு வண்டி பத்து முறை மலையிறங்க வேண்டும். அதே குப்பையைக் கட்டு இயந்திரத்தில் அழுத்திக் கன மீட்டருக்கு 250 கிலோகிராம் எடையுள்ள கட்டுகளாக்கினால், 4 கன மீட்டரே ஆகும். வண்டியின் சுமைத்திறனும் இடந்தருமாயின், இரண்டு முறை போதும். கொள்ளேகாலம் எழுபது கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது என்பதை எண்ணினால், இதனால் மிச்சமாகும் எரிபொருளின் அளவு புரியும்.

ஈரக் குப்பை மலையிறங்க வேண்டியதே இல்லை. அதை மேலேயே மக்கச் செய்தால் எடை ஏறத்தாழப் பாதியாகக் குறையும், உரமும் கிடைக்கும். ஆனால் அவ்வுரக்கூடம் நாற்புறமும் அடைக்கப்பட்டிருத்தல் வேண்டும். இல்லையேல் அதன் மணமே காட்டு விலங்குகளை அழைத்துவிடும்.

இறங்கும் வண்டிக்குரிய நெறிகள்

சுமை வண்டியின் பக்கப் பலகைக்கு மேல் உயரலாகாது. உயர்ந்தால் புவியீர்ப்பு மையமும் உயர்ந்து, வளைவில் வண்டி சாயும். வலையோ தார்ப்பாயோ போட்டு மூடாத வண்டி, தான் சேர்த்ததில் ஒரு பகுதியைக் காட்டிலேயே இறைத்துச் செல்லும். இறங்குகையில் கீழ்க் கியரில் செலுத்தினால் எஞ்சினே வண்டியைக் கட்டுப்படுத்தும். தடையை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பயனற்றுப் போகும். பணியாளர்க்குக் கையுறை, காலணி, முகமூடி ஆகியவற்றை வழங்குவதும், வண்டியின் அச்சுக்கு எண்ணெய் இடுவதும் மேற்பார்வையாளரின் கடமையாகும்.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தட்டு, குவளை, கரண்டி முதலியன 2022-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து நாடெங்கும் தடை செய்யப்பட்டன. மலையேறாத குப்பையை இறக்க வேண்டிய தேவையில்லை. பள்ளிச் சிறுவர்கள் மாதேஸ்வரன் மலைக்கோ வேறெந்தக் குன்றுக்கோ செல்லும்போது, ஆசிரியர் ஒரு துணிப்பையையும் ஒரு விற்தராசையும் உடன் கொண்டு செல்லலாம். தாங்கள் உண்டாக்கிய குப்பையை மாணவர்களே திரட்டி, எடை பார்த்து, அடிவாரம் வரை சுமந்து வருவார்களாயின், சாய்தளத்தின் விதி அவர்களுக்குத் தோளிலேயே விளங்கிவிடும். நாள்தோறும் அச்சுமையை இறக்குபவரின் உழைப்பும் அன்றே விளங்கும்.