பீரோவில் தூங்கும் சான்றிதழ்!

காரைக்காலை அடுத்த வரிச்சிக்குடியானாலும் வேறு ஊரானாலும், பல வீடுகளில் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் உதவித்தொகைக்கும் பஸ் பாஸுக்கும் மட்டுமே வெளியே வருகிறது. பிறகு பீரோவுக்குள் போய்விடுகிறது. அதே சான்றிதழ் வேலைக்கும் உதவும் என்பது தெரியுமா?

2016-ம் ஆண்டுச் சட்டப்படி, அரசுப் பணிகளில் மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 4 சதவிகித இடஒதுக்கீடு உண்டு. முன்பு இது 3 சதவிகிதம்தான். பார்வை, செவித்திறன், கை கால் இயக்கம் ஆகிய மூன்று பிரிவுகளுக்கும் தலா 1 சதவிகிதம். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் உள்ளிட்டவற்றுக்குச் சேர்த்து 1 சதவிகிதம். குறைந்தது 40 சதவிகிதக் குறைபாடு என்று மருத்துவச் சான்று வேண்டும்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் முன்பே பதிந்தவரா? உங்கள் பதிவில் 'மாற்றுத்திறனாளி' என்று இருக்கிறதா எனப் பாருங்கள். இல்லையென்றால் சான்றிதழைக் காட்டிச் சேர்க்கச் சொல்லுங்கள்.

மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவை (என்.சி.எஸ்.) இணையதளத்தில் போனிலிருந்தே இலவசமாகப் பதியலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான அதன் மையம் ஒன்று புதுச்சேரியில் இருக்கிறது. உங்களால் என்ன வேலை செய்ய முடியும் என்று மதிப்பிட்டு, பயிற்சிக்கும் வேலைக்கும் வழிகாட்டுவது அதன் பணி.

வரிச்சிக்குடியிலிருந்து புதுச்சேரி நூறு கிலோமீட்டருக்கு மேல். துணைக்கு வருபவருக்கும் ஒரு நாள் கூலி போகும். அதனால் என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று முன்கூட்டியே போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

பதிந்ததுமே வேலை வந்துவிடாதுதான். ஆனால், பதியாதவர் பெயர் பட்டியலிலேயே இருக்காதே!