முதலில் ஓட்டையைப் பாருங்கள்

ஜப்பானிய வாளின் கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே செருகியிருக்கும் உலோகத் தட்டுதான் சூபா. குத்தும்போது கை வழுக்கி அலகின் மேல் ஏறாமல் அது தடுக்கும். நீள வாளுக்குரியது ஏழெட்டு சென்டிமீட்டர் இருக்கும். 1876-ல் மெய்ஜி அரசு வாள் அணிந்து நடமாடத் தடை போட்டபின் ஏராளமான சூபாக்கள் வாளைவிட்டுக் கழன்று கடைக்கு வந்தன. இன்றும் டோக்கியோவின் பழம்பொருள் சந்தைகளில் கிடைக்கின்றன, போலிகளோடு கலந்து.

யாராவது ஒன்றை என்னிடம் நீட்டினால் அதிலுள்ள டிராகனையோ செர்ரிப் பூவையோ நான் முதலில் பார்ப்பதில்லை. நடு ஓட்டையைத்தான் பார்ப்பேன். அலகின் வால் நுழையும் இடம் அது. வாலின் அளவு வாளுக்கு வாள் மாறும். அதனால் சூபாவை வேறு வாளுக்கு மாட்டும்போது ஓட்டையின் முனைகளில் செம்புத் துண்டு வைத்து இறுக்குவார்கள், அல்லது ஓரத்தை உளியால் தட்டி ஒடுக்குவார்கள். அந்தச் செம்பும் தட்டின தடமும் இருந்தால் அது பல கை மாறி உழைத்த பொருள் என்று நம்பலாம். இல்லாவிட்டால் உடனே போலி என்று தள்ளிவிடவும் கூடாது. வாளில் ஏறாமலே பெட்டியில் கிடந்த நல்ல சூபாக்களும் உண்டு.

அடுத்தது லென்ஸ். சில சூபாக்களின் தளம் முழுக்க மீன் முட்டைபோல் நுண்புள்ளிகள் இருக்கும். ஒவ்வொன்றும் தனித்தனியாக உளி வைத்துத் தட்டியது. வரிசை பிசகாது, ஒவ்வொரு மணியும் உருண்டு நிற்கும். அச்சில் ஊற்றிய போலியில் அதே புள்ளிகள் மழுங்கிப்போய், இடையிடையே காற்றுக்குமிழிக் குழி தெரியும். வெட்டு வேலைப்பாட்டின் உட்சுவரையும் மறக்காமல் பாருங்கள். போலி செய்பவர் அங்கே அரம் போட மெனக்கெடுவதில்லை.

கையெழுத்தை நான் கடைசியாகத்தான் படிப்பேன். இரும்பு வேலையில் பேர்போன நொபுயியே, மெய்ஜி நாணயங்களுக்கு அச்சு செதுக்கிய கானோ நட்சுவோ போன்றவர்களின் பெயரைப் பொறித்த போலிகள் நிறைய. வேலைத்தரம் பெயரோடு ஒத்துப்போனால்தான் பெயருக்கு மதிப்பு. பெரிய விலை என்றால், 1948-ல் தொடங்கிய ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கத்தின் சான்றிதழ் கேளுங்கள்.

வாங்கியபின் தேய்க்காதீர்கள். இரும்பின் கரும்பழுப்பு மேற்பூச்சு பல தலைமுறை ஏறியது. செந்துரு மட்டும் இருந்தால் மான்கொம்புத் துண்டால் மெல்லச் சுரண்டி, பருத்தித் துணியால் துடைத்தால் போதும். செம்பில் சிறிது தங்கம் கலந்த ஷகுடோவின் கருநீலம் மேல்தோலில்தான் இருக்கிறது. பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி அதைப் பளபளவென்று துலக்கிக் கொண்டுவந்து விலை கேட்டால், எடைக்கு மேல் சொல்ல எனக்கு வாய் வராது.