சிவகிரிக்கு எத்தனை எழுத்து?

சிவகிரியில் மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் எடுத்த பிள்ளைகள் பதினோராம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ் படிக்கிறார்கள். அதில் கை பழகுவதற்குள் வருடம் முடிந்துவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்தால் பைத்தான். 2019ல் வந்த புதிய பாடத்திட்டத்தின் ஏற்பாடு இது. தமிழ்வழியில் படித்துவிட்டு, வீட்டில் கணினியும் இல்லாத பிள்ளைக்கு, “போன வருஷம் படித்தது என்ன ஆச்சு, இது எதற்குப் புதுசாக?” என்று தோன்றினால் அதில் தப்பில்லை. பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பள்ளிப் பிள்ளைகள் மட்டுமல்ல, நாற்பது வயதில் கற்றுக்கொள்ள நினைக்கும் கடைக்காரரும் படிக்கலாம்.

சி பிளஸ் பிளஸ்ஸில் திரையில் ஒரு வணக்கம் வரவழைக்க எத்தனை சடங்கு என்று நினைத்துப் பாருங்கள். மேலே கோப்பை இணைக்கும் வரி, அடுத்து பெயர்வெளி வரி, மெயின், நெளிவு அடைப்பு, ஒவ்வொரு வரி முடிவிலும் அரைப்புள்ளி. பிறகு கம்பைல் செய்யவேண்டும், பிறகு ஓட்டவேண்டும். அரைப்புள்ளி ஒன்று விட்டுப்போனால் அதற்கு அடுத்த வரியில் தப்பு என்று கணினி சொல்லும். பைத்தானில் ஐடில் என்ற சாளரத்தைத் திறந்தால் >>> என்று மூன்று அம்புக்குறி காத்திருக்கும். 7 / 2 என்று அடித்து என்டர் தட்டினால் 3.5 என்று வரும். அவ்வளவுதான். இதே 7 / 2 சி பிளஸ் பிளஸ்ஸில் 3 என்று வரும், அரையைச் சொல்லாமல் விழுங்கிவிடும். அதற்கு நியாயமான காரணம் உண்டு. ஆனால் முதல் நாளிலேயே அந்தக் காரணத்தைக் கேட்டுக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை?

கேட்டதும் பதில் வருகிறது என்பதுதான் பைத்தானின் முதல் கவர்ச்சி. தப்பாகக் கேட்டாலும் ஒன்றும் உடைந்துவிடாது. சிவப்பு எழுத்தில் நாலு வரி வரும், அதில் கடைசி வரியை மட்டும் படித்தால் போதும், பெரும்பாலும் விஷயம் அங்கே இருக்கும்.

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் சிவகிரியிலிருந்து வாசுதேவநல்லூர், புளியங்குடி வரை எலுமிச்சை ஏலத்தை விட்டுப் பேச்சு நகராது. அதனால் ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். ஐந்து நாள் ஏலத்தில் கிலோ விலை இப்படிப் போனது என்று இருக்கட்டும். கமிஷனையும் கற்பனையாகவே பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விலை = [42, 55, 38, 61, 47]
கிலோ = 120
கமிஷன் = 10
கையில்_வந்தது = விலை[-1] * கிலோ * (100 - கமிஷன்) / 100

இது விளக்கத்துக்காக எழுதிய தமிழ் உரை அல்ல. அப்படியே அடித்தால் ஓடும் பைத்தான் நிரல். மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம், பைத்தான் 3 அதை ஏற்றுக்கொள்ளும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் விடக்கூடாது என்பதால் அடிக்கோடு. கையில்_வந்தது என்று அடித்தால் 5076.0 என்று காட்டும். விலை[-1] என்றால் பட்டியலில் கடைசியிலிருந்து முதலாவது, அதாவது நேற்றைய விலை. நாள் எத்தனை ஆனாலும் கடைசி விலையைக் கேட்க அதே -1 தான். முதல் விலைக்கு விலை[0]. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவது புதியவர்களை ஒரு வாரம் படுத்தும், பிறகு பழகிவிடும். சம், மேக்ஸ், மின் என்ற மூன்று செயற்கூறுகள் கூட்டுத்தொகை, அதிகபட்சம், குறைந்தபட்சம் சொல்லும். இந்த ஐந்து நாளுக்கு 243, 61, 38. (ஆங்கில எழுத்தில் அடிக்கவேண்டிய சொற்களை இந்தக் கட்டுரையில் தமிழில் எழுதுகிறேன்.)

ஆங்கிலச் சொல் பிடிக்கவில்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. பைத்தானில் செயற்கூறும் ஒரு பொருள்தான், எண்ணைப் போல அதையும் ஒரு பெயரில் வைத்துக்கொள்ளலாம். பதிப்பி = பிரிண்ட் என்று ஒரு தரம் எழுதிவிட்டால், அதற்குப் பிறகு பதிப்பி(விலை) என்று எழுதினாலே போதும். இஃப், ஃபார், வைல் போன்ற அடிப்படைச் சொற்களிடம் மட்டும் இந்த விளையாட்டு நடக்காது. அவற்றை ஆங்கிலத்திலேயே எழுதவேண்டும். தமிழ் விசைப்பலகைக்கும் ஆங்கிலத்துக்கும் மாறி மாறித் தாவுவது எரிச்சல்தான். கற்கும்போது தமிழ்ப் பெயர் வையுங்கள், ஊர் உலகத்தோடு சேர்ந்து எழுதும் நாள் வந்தால் ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்ளுங்கள் என்பது என் கட்சி.

இரண்டாவது கவர்ச்சி கண்ணுக்குத் தெரிவது. நெளிவு அடைப்பு கிடையாது. எந்த வரி எதற்கு உள்ளே அடங்கும் என்பதை இடதுபக்கம் விடும் இடைவெளியே சொல்கிறது, வழக்கமாக நான்கு இடம். நல்ல நோட்டுப் புத்தகத்தில் பத்தி பிரித்து எழுதும் பழக்கம் உள்ளவருக்கு இது இயல்பாகவே வரும். ஒரு வரியில் டேப் விசையையும் அடுத்த வரியில் இடவிசையையும் கலந்து தட்டினால் பைத்தான் கோபித்துக்கொள்ளும். பழைய ஆட்கள் சிலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். அடுத்தவர் எழுதிய நிரலைப் படிக்கும்போது அந்தக் கண்டிப்பின் அருமை தெரியும்.

பைத்தானை உருவாக்கியவர் கைடோ வான் ரோசம் என்ற டச்சுக்காரர். ஆம்ஸ்டர்டாமில் ஒரு கணித, கணினி ஆய்வு மையத்தில் வேலை பார்த்தவர். நிரலாளர் அல்லாதவர்களுக்காக அங்கே ஏபிசி என்ற மொழி வடிவமைக்கப்பட்டது, அதில் அவர் கையும் உண்டு. அதன் நல்லதை எடுத்துக்கொண்டு, கெட்டதை விட்டுவிட்டு, 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் புது மொழியைத் தொடங்கினார். 1991 பிப்ரவரியில் வெளியிட்டார். பெயர் மலைப்பாம்பிலிருந்து வரவில்லை, பிபிசியின் நகைச்சுவைத் தொடர் ஒன்றிலிருந்து வந்தது.

இனித்தான் நம் ஊர் விஷயம். சிவகிரி என்ற சொல்லில் எத்தனை எழுத்து? சி, வ, கி, ரி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை நான்கு என்று சொல்லும். ஒரு சரத்தின், அதாவது எழுத்துத் தொடரின், நீளத்தைச் சொல்ல பைத்தானில் லென் என்ற செயற்கூறு இருக்கிறது. லென்("சிவகிரி") என்று கேட்டால் 7 என்கிறது.

பைத்தான் தப்பாக எண்ணவில்லை, வேறு எதையோ எண்ணுகிறது. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் முறையில் சி, கி போன்ற தமிழ் உயிர்மெய்க்குத் தனி எண் கிடையாது. ச ஒரு எண், அதன் பின்னால் கொக்கிபோல் வரும் ‘ி’ இன்னொரு எண். வ தனி. க, கொக்கி. ர, கொக்கி. ஆக ஏழு குறியீடுகள். "சிவகிரி"[0] என்று கேட்டால் சி வராது, ச மட்டும் வரும். அடுத்ததைக் கேட்டால் அநாதையாக ஒரு கொக்கி, திரையில் புள்ளி வட்டத்தோடு நிற்கும். சொல்லைத் திருப்பிப் போட "சிவகிரி"[::-1] என்று எழுதினால் ரிகிவசி என்று எதிர்பார்ப்போம். வருவதோ முன்னால் ஒரு தனிக் கொக்கி, பிறகு ரி, க, வி, ச. கொக்கிகள் எல்லாம் பக்கத்து வீட்டு எழுத்தோடு ஒட்டிக்கொள்கின்றன.

முன்பு நிலைமை இதைவிட மோசம். பைத்தான் 2 காலத்தில் யுடிஎஃப்-8 முறையில் அடித்த சொல்லை வெறும் மேற்கோள்குறிக்குள் போட்டு நீளம் கேட்டால் 21 என்று சொல்லும். அது எண்ணியது பைட்டுகளை, ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். முன்னால் ஒரு யூ எழுத்தைச் சேர்த்தால்தான் ஏழு. 2008 டிசம்பரில் பைத்தான் 3 வந்தபோது, எல்லாச் சரமும் யூனிகோடே என்று மாற்றினார்கள். பழைய நிரல்கள் பல ஓடாமல் நின்றன. உலகம் முழுக்க நிரலாளர்கள் திட்டித் தீர்த்தார்கள். பைத்தான் 2க்கு முற்றாக விடை கொடுக்க 2020 ஜனவரி 1 வரை ஆனது. அந்தப் பதினோரு வருடத் தலைவலி ஆங்கிலம் மட்டும் எழுதுபவருக்கு வீண் வேலையாகத் தெரிந்திருக்கும். நமக்கு அது 21ஐ 7 ஆக்கிய வேலை.

7ஐ 4 ஆக்குவது நம் பாடு. புதியவர் முதல் மாதத்திலேயே செய்யக்கூடிய பாடு. யூனிகோட் ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு வகை குறித்து வைத்திருக்கிறது. கொக்கி, கால், கொம்பு, புள்ளி எல்லாம் ‘குறி’ வகை. யூனிகோட்டேட்டா என்ற தொகுதியைப் பைத்தானோடு இலவசமாகவே தருகிறார்கள், அதைக் கேட்டால் வகையைச் சொல்லும். குறி வகையில் வராதவற்றை மட்டும் எண்ணுங்கள். சிவகிரிக்கு ஏழில் மூன்று குறி போக நான்கு. சங்கரன்கோவிலுக்குப் பதின்மூன்றில் ஐந்து போக எட்டு: ச, ங், க, ர, ன், கோ, வி, ல். நான்கைந்து வரி நிரல்தான்.

அது முடிந்தது என்று நினைக்கும்போது வகுப்பில் லக்ஷ்மி என்று ஒரு பெண் இருப்பாள். க்ஷ ஓரெழுத்தா, இரண்டா? நம் விதி இரண்டு என்னும், பெயருக்கு உரியவள் ஒன்று என்பாள். அடுத்த சிக்கல் இன்னும் வேடிக்கை. கோ என்பதில் வரும் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், இரட்டைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று பிரித்தும் வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோல் இருக்கும். பைத்தானிடம் இரண்டும் சமமா என்று கேட்டால் இல்லை என்னும். ஒரு பட்டியலில் சங்கரன்கோவில் இரண்டு ஊர்களாகிவிடும், ஒன்றுக்கு நீளம் 13, மற்றதற்கு 14. நார்மலைஸ் என்ற செயற்கூறு இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஆனால் அப்படி ஒரு பிரச்சினை இருப்பதே தெரியாதவர் அதை எங்கே போய்த் தேடுவார்? தமிழ் தெரிந்தவர் நிரல் எழுதினால் கிடைக்கும் ஆதாயம் இதுதான்.

இந்த வேலைகளையெல்லாம் முறையாகச் செய்து வைத்திருக்கும் தொகுதி ஓப்பன்-தமிழ். இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். எழுத்துகளைப் பிரிக்கச் சொன்னால் சி, வ, கி, ரி என்று சரியாகப் பட்டியல் தரும். இதில் முன்னின்று உழைத்தவர்களில் ஒருவர் முத்து அண்ணாமலை. எழில் என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கியவரும் இவர்தான், 2009லேயே அதுபற்றிக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார். எழிலில் நிபந்தனையை முதலில் எழுதி ‘ஆனால்’ என்ற சொல் பின்னால் வரும், வினையை வாக்கியத்தின் கடைசியில் வைக்கும் நமக்கு அது வசதி. பதிப்பி, இல்லை, முடி என்று எல்லாம் தமிழ். அந்த எழில் மொழியே பைத்தானில் எழுதப்பட்டது என்பதைக் கவனியுங்கள். ஒரு மொழியை வைத்து இன்னொரு மொழியைக் கட்டலாம் என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிடப் பக்கத்து உதாரணம் கிடையாது.

எண்களிலும் ஒரு விளையாட்டு உண்டு. இன்ட்("௨௪") என்று தமிழ் எண்ணில் கொடுத்தால் 24 என்று சரியாகப் புரிந்துகொள்ளும். பழைய முறைப்படி பத்துக்கான குறியோடு ௨௰௪ என்று கொடுத்தால் கையை விரித்துவிடும். ௰ ஓர் இலக்கம் அல்ல, தனி எண் என்று யூனிகோட் வகைப்படுத்தியிருப்பதே காரணம். தனியாக அதன் மதிப்பைக் கேட்டால் 10.0 என்று சொல்லத் தெரியும்.

குறைகளையும் சொல்லவேண்டும். பைத்தான் மெதுவானது. கோடிக்கணக்கான எண்களை வரிவரியாகச் சுற்றவிட்டால் சி பிளஸ் பிளஸ் பல மடங்கு முந்திக்கொண்டு போய்விடும். அதற்காகத்தான் நம்பை போன்ற தொகுதிகள். உள்ளே கனமான வேலையைச் சி மொழி செய்கிறது, வெளியே பைத்தான் மேற்பார்வை பார்க்கிறது. 2019ல் வெளியான கருந்துளைப் படத்துக்கான கணக்கு வேலையிலும் இந்தக் கூட்டணிக்குப் பங்கு உண்டு. இன்றைய செயற்கை நுண்ணறிவின் கணிசமான பகுதி இப்படித்தான் ஓடுகிறது. பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்திலேயே சி பிளஸ் பிளஸ் நிரலைப் பைத்தானுக்குள்ளிருந்து ஓட்ட ஒரு பாடம் இருக்கிறது. எண்ணம் சரி, ஆனால் பள்ளிப் பிள்ளைக்கு அந்தப் பாடம் கொஞ்சம் அவசரம் என்று எனக்குப் படுகிறது. 0.1 + 0.2 கேட்டால் 0.30000000000000004 என்று வருவதைப் பார்த்தும் பயப்படவேண்டாம். பத்தின் பின்னங்களைக் கணினி இரண்டின் பின்னங்களாக வைத்துக்கொள்வதால் வரும் பிசிறு அது, சி பிளஸ் பிளஸ்ஸிலும் உண்டு. முழு எண்ணில் மட்டும் பைத்தானுக்கு எல்லை கிடையாது. 2 ** 100 என்று அடியுங்கள், முப்பத்தொரு இலக்கத்தில் விடை வந்து நிற்கும்.

முதல் வேலையாக எதைச் செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு என் யோசனை, வகுப்பு வருகைப் பதிவேட்டை அகரவரிசைப்படுத்துவது. சார்ட்டட் என்ற செயற்கூறு ஒரு நொடியில் அடுக்கிக் கொடுத்துவிடும். ஆனால் அதில் மனம் முன்னால் வரும், மரம் பின்னால் போகும், ஏனென்றால் யூனிகோடில் ன வின் எண் ர வுக்கு முன்னால் இருக்கிறது. அகராதியில் ன தான் கடைசி. பகல் முதலில் வந்து பக்கம் பின்னால் வரும், ஏனென்றால் புள்ளியின் எண் மற்ற எழுத்துகளின் எண்களைவிடப் பெரியது. எழுத்துகளைத் தமிழ் வரிசையில் ஒரு பட்டியலாக எழுதி, ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாகப் பிரித்து, அந்தப் பட்டியலில் அதன் இடத்தைத் தேடி, அந்த இட எண்களை வைத்து அடுக்கச் சொல்லுங்கள். சார்ட்டட்டுக்குக் கீ என்று ஒரு வாய்ப்பு இருக்கிறது, அங்கே உங்கள் செயற்கூறைக் கொடுத்தால் போதும். லக்ஷ்மியை எங்கே வைப்பது என்பதை அவளிடமே கேட்டுக்கொள்ளலாம்.