வாடகை வீடும் மறுக்கப்பட்ட இழப்பீடும்

முதுமைக் காலத்தில் ஒரு வீட்டின் வாடகையையே நம்பி வாழ்வோர் பலர். அவ்வீடு தீயினால் அழிந்து, காப்புறுதிக் கம்பனியும் இழப்பீட்டை மறுத்துவிடின், அவர் கதி என்னாகும்? அந்நிலையிற் சினந்து பயனில்லை. மறுப்பின் காரணத்தை முதலில் ஆராய்தல் வேண்டும்.

காரணங்களுள் தலையாயது, உண்மையை அறிவியாமை. காப்புறுதி முழு நல்லெண்ணத்தின்மீது நிற்கும் உடன்படிக்கை என்று 1766 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நீதியரசர் மான்ஸ்பீல்ட் பிரபு தீர்ப்பளித்தார். தீக்காப்புறுதியில் இலங்கையும் ஆங்கிலச் சட்டத்தையே தழுவி நிற்கிறது. தாம் குடியிருக்கும் வீடெனப் பதிந்து, பின்னர் அதனை வாடகைக்கு விட்டதை அறிவியாதவர் இங்கேதான் இடறுகிறார்.

மற்றொன்று குறைமதிப்பு. 1 கோடி ரூபா பெறும் வீட்டை 50 இலட்சத்துக்கே காப்புறுதி செய்திருந்தால், பத்திரத்திற் சராசரி விதி உளதாயின், 10 இலட்ச ரூபா நட்டத்துக்கு 5 இலட்சமே கிடைக்கும். வாடகை இழப்பும் தனியே சேர்க்கப்பட்டிருந்தாலன்றிக் கிடையாது.

மறுப்பு வந்தால், எந்த வாசகத்தின்படி மறுத்தனர் என்பதை எழுத்திற் கேளுங்கள். பத்திரத்தோடு அதனை ஒப்பிடுங்கள். வாடகை ஒப்பந்தம், பற்றுச்சீட்டுகள், சேதத்தின் நிழற்படங்கள் ஆகியவற்றை இணைத்து, கம்பனியின் மேலதிகாரிக்கு முறையிடுங்கள். அங்கும் தீராவிடின் காப்புறுதி ஒம்புட்ஸ்மனை நாடலாம். அதன்பின் நீதிமன்றம் உண்டு. பத்திரத்திற் கண்ட காலவரையறையை மட்டும் தவறவிடாதீர்கள்.

வீட்டை வாடகைக்கு விட்டவர்கள் இன்றிரவே பெட்டகத்தைத் திறந்து, அந்தப் பத்திரத்தை ஒருமுறை வாசித்துப் பார்ப்பார்களாக.