அச்சில் பிழைத்த எழுத்து

ஓர் அரசு ஒரே ஆண்டில் ஒரே மதிப்பில் வெளியிட்ட நாணயங்கள் அனைத்தும் ஒன்றுபோலவே இருக்கும் என்பது பொதுவான எண்ணம். இங்கிலாந்தின் பழைய ஷில்லிங்குகளையும் பென்னிகளையும் உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் வைத்துப் பார்த்தால் அவ்வெண்ணம் நிலைக்காது. ஒன்றில் அரசர் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருக்கும். மற்றொன்றில் ஆண்டெண்ணின் அடியில் முந்தைய ஆண்டின் எண் நிழல்போலத் தெரியும். ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடு காணும் பதிப்பாசிரியரைப் போல, நாணயவியலார் இத்தகைய வேறுபாடுகளைத் தேடித் தொகுக்கின்றனர். இவை அச்சு வேறுபாடுகள் எனப்படும்.

நாணயத்தில் காணப்படும் எழுத்துப்பிழை, அந்நாணயத்தை அடித்த அச்சில் தோன்றியதாகும். எஃகாலான இரண்டு அச்சுகளுக்கு இடையே வெற்று உலோக வில்லையை வைத்து அழுத்தும்போது இருபுறமும் உருவம் பதிகிறது. நாணயத்தில் மேடாக இருப்பது அச்சில் பள்ளமாக இருக்கும். இடமாக இருப்பது வலமாக இருக்கும். பழங்காலத்தில் அச்சுத் தொழிலாளர், நுனியில் ஒரே ஓர் எழுத்து செதுக்கப்பட்ட எஃகு உளியை அச்சின்மீது நிறுத்திச் சுத்தியலால் அடித்து, ஒவ்வோர் எழுத்தாகப் பதித்தனர். நாணயத்தில் இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டிய தொடரை அச்சில் வலமிருந்து இடமாக அமைக்க வேண்டியிருந்தது. அதுவும் நேர்கோட்டில் அன்று, வட்டத்தில். இந்நிலையில் பிழைகள் சிலவாகவே நிகழ்ந்தன என்பதுதான் வியப்புக்குரியது. ஆனால் நிகழ்ந்த ஒரு பிழை, அந்த அச்சு தேய்ந்து ஒழியும்வரை அது அடிக்கும் ஒவ்வொரு நாணயத்திலும் மீண்டும் மீண்டும் தோன்றும்.

பிழைகள் மிகுவதற்கு அவசரமும் ஒரு காரணம். மூன்றாம் வில்லியம் ஆட்சியில், விளிம்பு வெட்டப்பட்டு எடை குறைந்துபோன பழைய வெள்ளி நாணயங்களைத் திரும்பப் பெற்று, உருக்கிப் புதியனவாக அடிக்கும் பெரும்பணி 1696ஆம் ஆண்டில் தொடங்கியது. இலண்டன் கோபுர நாணயச்சாலையின் காப்பாளராக ஐசக் நியூட்டன் பொறுப்பேற்றதும் அவ்வாண்டிலேதான். இலண்டன் மட்டும் போதாமையால் பிரிஸ்டல், செஸ்டர், எக்ஸிடர், நார்விச், யார்க் ஆகிய ஐந்து நகரங்களில் கிளைகள் திறக்கப்பட்டன. செஸ்டர் கிளையில் பணியாற்றியவர்களுள் வால்மீன் ஆய்வால் புகழ்பெற்ற எட்மண்ட் ஹேலியும் ஒருவர். வில்லியம் என்னும் பெயரின் இலத்தீன் வடிவம் 'குலியெல்முஸ்' என்பது. 1696ஆம் ஆண்டு ஷில்லிங்குகள் சிலவற்றில் அது இரண்டாவது 'எல்' எழுத்தை இழந்து 'குலியெமுஸ்' என்று நிற்கிறது. அரசரின் பெயரே பிழைபட்ட நாணயம் கடைத்தெருவில் செல்லுபடியாயிற்று. மக்கள் நோக்கியது எழுத்தை அன்று, வெள்ளியின் எடையைத்தான்.

பிழையைக் கண்ட தொழிலாளர் அச்சைத் தூக்கி எறிந்துவிடவில்லை. நல்ல அச்சு விலையுயர்ந்தது. ஆதலால் தவறான எழுத்தின்மேல் சரியான எழுத்தை அடித்துத் திருத்தினர். மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் 1817ஆம் ஆண்டு ஷில்லிங்குகள் சிலவற்றில், மன்னர் பெயரின் சுருக்கத்தில் 'ஆர்' இருக்க வேண்டிய இடத்தில் 'இ' உள்ளது. வேறு சிலவற்றில் அந்த 'இ'யின்மேல் 'ஆர்' அடிக்கப்பட்டு, இரண்டு எழுத்துகளும் ஒன்றினுள் ஒன்றாகத் தெரிகின்றன. பிழையும் திருத்தமும் ஒருசேரக் கிடைப்பது அரிதான சான்றாகும். ஆண்டெண்களிலும் இவ்வாறே நிகழ்ந்தது. விக்டோரியா அரசியின் 1848ஆம் ஆண்டுப் பென்னிகள் பலவற்றில் 8 என்னும் எண்ணின் அடியில் 7 தென்படும்.

ஆயினும் கண்ணுக்கு மாறுபட்டுத் தோன்றுவன எல்லாம் அச்சு வேறுபாடுகள் ஆகா. 1860ஆம் ஆண்டு வெண்கலப் பென்னி ஒருவகையில் 'ஒன்' என்னும் சொல்லின் இறுதி எழுத்தாகிய 'இ', கீழ்க்கோடு இல்லாமல் 'எஃப்' போலத் தோன்றும். அதற்குக் காரணம் அச்சின் சிதைவு. ஆனால் அதே தோற்றம் வேறு வழிகளிலும் ஏற்படலாம். அச்சின் பள்ளத்தில் எண்ணெய்ப்பிசுக்கும் அழுக்கும் அடைத்துக்கொண்டால் எழுத்தின் ஒரு பகுதி பதியாது. அழுக்கு நீங்கியதும் அது மீண்டும் பதியும். பல்லாண்டுப் புழக்கத்திலும் கோடு தேய்ந்துபோகலாம். அரிய வகைக்கு உயர்ந்த விலை கிடைப்பதால், கோட்டினை அரத்தால் தேய்த்து ஏமாற்றுவோரும் உளர். அவ்வாறு தேய்த்த இடத்தில் நுண்ணிய கீறல்கள் ஒரே திசையில் ஓடும். சுற்றியுள்ள பரப்பின் இயல்பான மெருகும் அங்கே இராது.

இங்கு ஓர் எளிய சோதனை கைகொடுக்கும். அச்சில் விரிசல் விழுந்தால், அடிக்கும்போது உலோகம் அவ்விரிசலுக்குள் புகும்; ஆகவே நாணயத்தில் அது மேடான கோடாகத் தோன்றும். நாணயத்தின்மீது பின்னர் விழுந்த கீறலோ பள்ளமாகவே இருக்கும். ஒளியைப் பக்கவாட்டில் விழச்செய்து நாணயத்தை மெல்லத் திருப்பினால் மேடும் பள்ளமும் நிழலால் வேறுபட்டுவிடும். அடுத்து, அதே குறையுடைய மற்றொரு நாணயத்தைத் தேட வேண்டும். ஒரே குறை இரண்டு நாணயங்களில் ஒரே இடத்தில் ஒரே வடிவில் இருந்தால், அது அச்சிலிருந்து வந்தது என்று கொள்ளலாம்.

இச்சோதனைக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, 1658ஆம் ஆண்டில் ஆலிவர் கிராம்வெல்லின் உருவத்துடன் அடிக்கப்பட்ட கிரவுன் நாணயம். தாமஸ் சைமன் செதுக்கிய அதன் அச்சில் ஆண்டெண்ணின் 8, 7இன்மேல் அடிக்கப்பட்டது. அடிக்கத் தொடங்கிய சிறிது காலத்திலேயே கழுத்துக்குக் கீழே ஒரு விரிசல் தோன்றி, வரவர நீண்டு, குறுக்கே படர்ந்தது. கிராம்வெல் அவ்வாண்டு செப்டம்பரில் இறந்தார். முடியாட்சி திரும்பியபின், 1661 ஜனவரியில் அவருடைய உடல் கல்லறையிலிருந்து தோண்டியெடுக்கப்பட்டுத் தலை துண்டிக்கப்பட்டது. கழுத்தருகே ஓடும் அக்கோட்டை வரப்போவதன் முன்குறி என்று கதைகட்டுவது எளிது. நாணயவியலார் அக்கோட்டில் காண்பது வேறு: விரிசல் சிறிதாயுள்ள நாணயம் முன்னர் அடிக்கப்பட்டது, பெரிதாயுள்ளது பின்னர் அடிக்கப்பட்டது. இரண்டு கிரவுன்களை அருகருகே வைத்தால் அவற்றின் வரிசையைக் கூறிவிடலாம்.

அச்சுகள் எவ்வளவு காலம் உழைக்கின்றன என்பதை அறியும் தேவை பிற்காலத்தில் நாணயச்சாலைக்கே ஏற்பட்டது. 1864 முதல் 1879 வரை அடிக்கப்பட்ட விக்டோரியா ஷில்லிங்குகளில், ஆண்டெண்ணுக்கு மேலே மிகச்சிறிய எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். அது அந்தந்த அச்சின் வரிசையெண். பன்னிரண்டு பென்னி மதிப்புள்ள அந்த ஷில்லிங்கைக் கையில் வாங்கிக் கொடுத்தவர்களுள் மிகப்பலர் அவ்வெண்ணைக் கவனித்திருக்க மாட்டார்கள்.