பெட்டியை எத்தனை முறை தூக்கணும்? நிதானமான ஐரோப்பியப் பயணத்துக்கு ஒரு கணக்கு

2014-ல் நாங்கள் முதல் முறை ஐரோப்பா போனோம். 11 நாளில் 7 ஊர். திரும்பி வந்ததும் என் மனைவி சொன்னது: "எல்லா ஊர் ரயில்வே ஸ்டேஷனையும் நல்லா பார்த்தாச்சு." மலிவாகக் கிடைத்ததே என்று ஒரு விமான டிக்கெட் போட்டிருந்தேன். அந்த விமான நிலையம் ஊரிலிருந்து 80 கிலோமீட்டர் தள்ளி என்பதை முந்தின நாள் இரவுதான் கவனித்தேன். பஸ் கட்டணம், கூடுதல் பெட்டிக் கட்டணம், விடிகாலை டாக்ஸி எல்லாம் சேர்ந்து டிக்கெட் விலையைத் தாண்டிவிட்டது. மூன்று வயதுக் குழந்தை தோளில் தூங்க, இரண்டு பெட்டியோடு நான் ஓடிய ஓட்டம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இந்த முறை குழந்தைக்குப் பதில் அம்மா. வயது 71, இரண்டு முழங்காலிலும் வலி. "ஒரு தடவை பார்த்துட்டா போதும்டா" என்றார். அந்த 'ஒரு தடவை'யில் தப்பு செய்யக்கூடாது என்பதால் மூன்று மாதம் உட்கார்ந்து படித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இது.

ஊர்களைக் குறைப்பதுதான் முதல் வேலை

என் முதல் பட்டியலில் 8 ஊர்கள்: லண்டன், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், லூசெர்ன், ஃப்ளாரன்ஸ், ரோம், வெனிஸ், வியன்னா. எட்டு ஊர்களை 40,320 வரிசைகளில் அடுக்கலாம். போகிற திசையும் வருகிற திசையும் ஒன்றே என்று வைத்தால் 20,160. கம்ப்யூட்டர்காரன் புத்தி, உடனே ஒரு புரோகிராம் எழுதி மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடித்தேன். அது தந்த விடை சரி. நான் கேட்ட கேள்விதான் தப்பு.

எட்டு ஊர் என்றால் ஏழு முறை இடம் மாறணும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பெட்டி கட்டுவது, ஹோட்டலைக் காலி செய்வது, புது ஊரில் வழி கண்டுபிடிப்பது என்று அரை நாளாவது போகும். பெரும்பாலும் ஒரு பகலே போகும். எங்களிடம் இருந்தது 16 இரவு. அதில் ஏழு பகல் பயணத்துக்கே போனால் மிச்சம் என்ன? வரிசையை எப்படி மாற்றினாலும் இது மாறாது. ஊர்களைக் குறைத்தால்தான் மாறும்.

லண்டன் முதலில் போனது. பிரிட்டன் ஷெங்கன் பகுதியில் இல்லை, தனி விசா வேண்டும். பிறகு ஆம்ஸ்டர்டாம், ரோம். ஃப்ளாரன்ஸை எடுக்கத்தான் மனசு வரவில்லை, ஆனாலும் எடுத்தேன். கடைசியில் நின்றது பாரிஸ் 5 இரவு, லூசெர்ன் 4, வெனிஸ் 3, வியன்னா 4. மூன்றே மாற்றங்கள். பாரிஸில் இறங்கி வியன்னாவிலிருந்து ஊர் திரும்பும்படி 'மல்ட்டி சிட்டி' முறையில் விமான டிக்கெட் எடுத்தோம். அதனால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் ஒரு பயணம் மிச்சம்.

இந்தப் பங்கீடு விசாவுக்கும் முக்கியம். அதிக நாள் எந்த நாட்டிலோ அந்த நாட்டிடம்தான் ஷெங்கன் விசா கேட்கணும். நாள்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. எங்களுக்கு பிரான்ஸ். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் இருக்கிறது. ஆக ஒரே விசா போதும். குறைந்தது 30,000 யூரோவுக்குப் பயணக் காப்பீடும் கட்டாயம்.

விமானமா, ரயிலா?

பாரிஸிலிருந்து சூரிச்சுக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம் என்று போட்டிருக்கும். அது வானத்தில் இருக்கும் நேரம். ஹோட்டல் வாசலிலிருந்து அடுத்த ஹோட்டல் வாசல் வரை கணக்கு போட்டால் கதை வேறு. பாரிஸிலிருந்து லூசெர்னுக்கு நான் போட்ட கணக்கு இது.

விமானம்: சார்ல் த கோல் விமான நிலையம் போக 1 மணி. முன்கூட்டியே போய்க் காத்திருக்க 2 மணி. பறக்க 1.15. பெட்டி எடுத்து வெளியே வர முக்கால் மணி. ரயிலுக்குக் காத்திருக்க 20 நிமிடம். சூரிச் விமான நிலையத்திலிருந்து லூசெர்னுக்கு ரயில் ஏறக்குறைய 1 மணி 5 நிமிடம். மொத்தம் 6 மணி 25 நிமிடம்.

ரயில்: கார் த லியோன் ஸ்டேஷனுக்கு அரை மணி. அங்கே காத்திருக்க அரை மணி. பாஸல் வரை அதிவேக ரயில் 3 மணி சொச்சம். ரயில் மாற அரை மணி. பாஸலிலிருந்து லூசெர்ன் 1 மணி. மொத்தம் 5 மணி 35 நிமிடம். லூசெர்ன் ஸ்டேஷன் ஏரிக்கரையிலேயே இருக்கிறது, நாங்கள் பிடித்த ஹோட்டலும் நடக்கிற தூரம்தான்.

50 நிமிட வித்தியாசத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. பெட்டியை எத்தனை முறை தூக்கணும் என்று எண்ணிப் பார்த்தேன். விமானம் என்றால் டாக்ஸியில் ஏற்ற, இறக்க, பெல்ட்டில் வைக்க, கைப்பையைச் சோதனைக்கு வைக்க, தலைக்கு மேல் ஏற்ற, இறக்க, வந்த பெட்டியை எடுக்க, ரயிலில் ஏற்ற, இறக்க. ஒன்பது. ரயில் என்றால் டாக்ஸி இரண்டு, முதல் ரயில் இரண்டு, அடுத்த ரயில் இரண்டு. ஆறு. மூன்று பெரியவர், ஒரு பள்ளிப் பிள்ளை, நாலு பெட்டி. தூக்குவது பெரும்பாலும் நான்தான் என்பதால் இந்த எண் எனக்கு ரொம்ப முக்கியம்.

இதிலிருந்து எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். ரயில் நேரம் 4 மணிக்குள் என்றால் யோசிக்காமல் ரயில். 4 முதல் 7 மணி வரை வாசலுக்கு வாசல் கணக்கு. அதற்கு மேல் என்றால் விமானம், அல்லது நடுவில் ஒரு ஊரில் தங்கல்.

விமானத்துக்குச் சாதகமான ஒன்றையும் சொல்லணும். நடக்க முடியாதவர்களுக்கு ஐரோப்பிய விமான நிலையங்களில் இலவச உதவி உண்டு, 48 மணி நேரம் முன்பு சொல்லி வைக்கணும். வாசலிலிருந்து இருக்கை வரை சக்கர நாற்காலியில் கொண்டு விடுவார்கள். ரயிலிலும் இந்த உதவி உண்டு, 24 மணி நேரம் முன்பு கேட்டால் போதும். ஆனால் நடைமேடைக்கும் பெட்டிக்கும் நடுவே படி இருக்குமா என்பது ஊருக்கு ஊர், ரயிலுக்கு ரயில் மாறும். பாரிஸிலிருந்து பாஸல் போகும் ரயில் இரண்டு அடுக்கு. பதிவு செய்யும்போதே கீழ் அடுக்கைக் கேட்டு வாங்குங்கள். ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போகும் வழி மேல் அடுக்கில்தான் இருக்கிறது, அதனால் கேன்டீன் போக மாடி ஏறணும். அம்மாவுக்குக் காபி கொண்டுவரும் வேலை மகளுக்கு.

டிக்கெட்டில் உள்ள சூட்சுமங்கள்

பிரான்ஸ், இத்தாலி அதிவேக ரயில்களில் இருக்கைப் பதிவு கட்டாயம், விலையும் விமானம் மாதிரி நாளாக ஆக ஏறும். சுவிஸ் உள்ளூர் ரயில்களில் பதிவு தேவையில்லை, எந்த ரயிலிலும் ஏறலாம். ஆகவே பணத்தைத் திருப்பித் தராத நீண்ட தூர டிக்கெட்டுகளை விசா கையில் வந்ததும் அன்றைக்கே வாங்கினேன். மற்றவற்றை அங்கே போய்ப் பார்த்துக்கொண்டோம்.

யூரெயில் பாஸ் நல்லதுதான், ஆனால் அடிக்கடி ஊர் மாறுகிறவர்களுக்கு. மூன்று முறை மட்டும் மாறும் எங்களுக்கு, பாஸுக்கு மேல் பதிவுக் கட்டணமும் கட்டினால் கட்டுப்படி ஆகவில்லை. ஆனால் சுவிஸ் டிராவல் பாஸ் வாங்கினோம். ரயில், பஸ், ஏரிக் கப்பல் எல்லாம் அதில் அடக்கம்.

முக்கியமான பொறி, இணைப்பு ரயில். லூசெர்னிலிருந்து வெனிஸ் போக நாங்கள் மிலானில் மாறினோம். இரண்டும் ஒரே டிக்கெட்டாக இருந்து முதல் ரயில் தாமதமானால், அடுத்த வழியில் கொண்டு சேர்ப்பது ரயில்வேயின் பொறுப்பு. தனித்தனியாக வாங்கினால் அது நம் பாடு. 2014-ல் இப்படித்தான் ஒரு டிக்கெட் காலாவதியாகி, புதிதாக முழு விலை கொடுத்தேன். இந்த முறை தனி டிக்கெட்தான் மலிவு, அதனால் நடுவில் இரண்டு மணி நேரம் விட்டேன்.

வெனிஸ், வியன்னா

வெனிஸில் பெட்டிக்குப் பகை பாலங்கள். எல்லாவற்றிலும் படி. சான்டா லூசியா ஸ்டேஷனிலிருந்து இடது பக்கம் போகும் லிஸ்டா தி ஸ்பான்யா தெருவில் தங்கினால் ஒரு பாலமும் ஏறாமல் ஹோட்டலுக்குப் போய்விடலாம். வரைபடத்தில் தெரு தெருவாகப் பார்த்து இதைக் கண்டுபிடித்த அன்று நான் பட்ட சந்தோஷத்தை வீட்டில் யாரும் பங்கிட்டுக்கொள்ளவில்லை.

வியன்னாவுக்கு விமானம் ஒரு மணி நேரம்தான். ஆனால் விமான நிலையத்துக்கு பஸ் பிடிக்க பியாட்ஸாலே ரோமா போகணும், நடுவில் ஒரு பெரிய பாலம். இரவு ரயிலும் உண்டு, ஹோட்டல் செலவு மிச்சம். லோயர் பெர்த் உறுதியாகக் கிடைத்தாலும் அம்மா ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டார், அடுத்த நாள் வீண். பகல் ரயிலைப் பிடித்தோம். மாற்றமே இல்லை, ஒரு முறை ஏற்றம், ஒரு முறை இறக்கம். என் விதிப்படி அது விமானத்தின் பக்கம் சாயும் தூரம், ஆனாலும் தூக்கும் கணக்கில் ரயில் ஜெயித்தது. வழியில் 1854-ல் திறந்த ஸெம்மரிங் மலைப் பாதையையும் பார்க்கலாம்.

அம்மா கேட்ட கேள்வி

லூசெர்னிலிருந்து மிலானுக்கு வேகமான வழி 2016-ல் திறந்த கோட்ஹார்ட் அடிச் சுரங்கம். 57 கிலோமீட்டர், உலகின் மிக நீளமான ரயில் சுரங்கம். இதைப் பெருமையாகச் சொன்னேன். அம்மா கேட்டார்: "இருட்டுக்குள்ள போறதுக்காடா இவ்வளவு தூரம் வரணும்?"

நியாயமான கேள்வி. என் அட்டவணையில் நேரத்துக்கும் பணத்துக்கும் தூக்குவதற்கும் கட்டம் இருந்தது, ஜன்னலுக்கு இல்லை. 1882-ல் திறந்த பழைய மலைப் பாதை இன்னும் ஓடுகிறது. ரயில் மலைக்குள் சுழன்று சுழன்று ஏறுவதால் வாஸன் என்ற ஊரின் சர்ச் மூன்று முறை, மூன்று உயரத்தில் தெரியும். ஆனால் பெட்டிகளோடு அந்த வழி என்றால் மாற்றங்கள் கூடும்.

அதனால் பெட்டியை ஹோட்டலிலேயே விட்டுவிட்டு ஒரு நாளை இதற்கென்றே ஒதுக்கினோம். காலையில் லூசெர்னிலிருந்து ஃப்ளூயலென் வரை கப்பல், ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம். அங்கிருந்து பழைய பாதையில் பெல்லின்ஸோனா வரை ரயில். திரும்பும்போது சுரங்கம். எல்லாம் பாஸிலேயே அடங்கியது.

கப்பலில் அம்மா மேல் தளத்துக்கு வரவில்லை. கீழேயே ஜன்னலோரம் உட்கார்ந்து, காலை எதிர் இருக்கையில் நீட்டி, மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். சர்ச் மூன்றாவது முறை வந்தபோது மகளிடம், "இதையேதான சுத்திச் சுத்தி வர்றோம்?" என்றார். ஆமாம் என்றாள்.

திட்டம் போடுபவர்களுக்கு என் வரிசை இதுதான்: முதலில் இரவுகளை எண்ணுங்கள், பிறகு ஊர்களைக் குறையுங்கள், பிறகு வாசலுக்கு வாசல் நேரம், பிறகு தூக்கும் எண்ணிக்கை. விலை அதற்கப்புறம். கூட வருபவர்களில் யாருக்கு நடப்பது கஷ்டமோ, அவரிடம் அட்டவணையை ஒரு முறை காட்டிவிடுங்கள். நான் விட்ட கட்டம் அப்படித்தான் கிடைத்தது.